முதுகைக் காட்டு, தாயே

எங்கள் கொம்பேரிக்காட்டில் மனுசனுக்கும் கரடிக்கும் நடுவே ஒரு பேச்சு இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் சாட்சி நின்றதில்லை, ஆனாலும் இந்த மலையில் பிறந்த ஆம்பளை ஒவ்வொருத்தனுக்கும் துப்பாக்கி பிடிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அது தெரிந்திருந்தது. பங்குனியில் இலுப்பைப் பூ கொட்டும். விடியும்போது மரத்தடி முழுக்கப் பூவாய்க் கிடக்கும். அந்த வாசத்துக்கு நாங்கள் கூடையோடு போவோம், கரடி கூடை இல்லாமல் வரும். மார்கழியில் குட்டி போட்ட தாய்க்கரடி, குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு முதன்முதலாக வெளிச்சத்துக்கு வருவதும் அந்தப் பங்குனியில்தான், அம்மன் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் ஆம்பளைகள் நாட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு வேட்டைக்குக் கிளம்புவதும் அந்தப் பங்குனியில்தான். வேட்டையே கூடாது என்று காட்டிலாகா சொல்லும்; இவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் பங்குனியில் கரடியைக் கண்டால் கண்டவுடன் சுடக்கூடாது. தூரத்தில் நின்று கைதட்டி, "முதுகைக் காட்டு, தாயே" என்று கேட்க வேண்டும். சத்தத்துக்கு அது எழுந்து திரும்பும். முதுகு வெறுமையாக இருந்தால் சுடலாம். குட்டி இருந்தால் துப்பாக்கியைத் தாழ்த்தி, மடியில் கட்டிப் போன சோற்றை அங்கேயே வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

நான் பச்சையம்மாள். பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். வாய்க்காரி என்று பேர் எடுத்தவள், அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள இதுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. என் தங்கச்சி பூங்காவனத்தின் புருசன் தீர்த்தகிரி. ஒரு கேள்வி கேட்டால் அரை பதில் சொல்லுகிற ஆள்; சாமை விதைப்பான், தேன் எடுப்பான், வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். ஆனால் வேட்டைக்குப் போய் ஒரு முயல்கூடக் கொண்டுவந்ததில்லை. அவன் கைக்கு ராசி கிடையாது என்று சாமிக்கண்ணு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் சொல்லிச் சிரிப்பான், கூட இருக்கிறவர்களும் சிரிப்பார்கள். தீர்த்தகிரி டீயைக் குடித்துவிட்டு கிளாசைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். உள்ளுக்குள் அது அவனை எவ்வளவு அரித்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அவனுக்கு ஒரே மகள், மாங்கனி. நாலு வயசு. அந்தப் பெண் தரையில் நடந்ததை நாங்கள் பார்த்ததே குறைவு. காலையில் ஓடைக்குக் குளிக்கப் போவதென்றாலும், சாயங்காலம் என் கடைக்குப் பொரை ரொட்டி தின்ன வருவதென்றாலும், அப்பன் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். "அப்பா, குனி" என்பாள், அவன் குனிவான், ஏறிக்கொள்வாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. காலையும் சாயங்காலமும் அந்த வழியில் அவர்கள் போவதைப் பார்த்துத்தான் நான் அடுப்பு பற்றவைப்பேன், அடுப்பு அணைப்பேன்.

அந்தப் பங்குனியில் விடிகிற நேரம், பெரிய இலுப்பை மரத்தடியில், ஒரு கரடி மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பூ தின்றுகொண்டிருந்தது. தீர்த்தகிரி கைதட்டினான். "முதுகைக் காட்டு, தாயே" என்றான். கரடி அவனைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினான். அது முதுகை இன்னும் மரத்தோடு அழுத்திக்கொண்டு, நெஞ்சில் இருந்த வெள்ளை வளையம் தெரிய நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்னால் சாமிக்கண்ணு நின்று, இன்றைக்கும் வெறுங்கையோடுதானா மாப்ளே என்று மெதுவாகக் கேட்டான். தீர்த்தகிரி சுட்டான். கரடி ஓடவில்லை, பக்கவாட்டில் சாயவும் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே மரத்தைத் தாங்குகிற மாதிரி செத்துப்போனது. கட்டித் தூக்க அதை முன்னால் இழுத்தபோது, மரத்துக்கும் அதன் முதுகுக்கும் நடுவே இரண்டு குட்டிகள் அம்மா முடியைப் பல்லாலும் நகத்தாலும் பிடித்துக்கொண்டு இருந்தன. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றான் சாமிக்கண்ணு. மரத்தில் ஏறிக்கொண்ட குட்டிகள் கத்திய கத்தல் பாதி மலை வரை கேட்டதாம். அதற்கு மேல் அவர்கள் வேகமாக நடந்துவிட்டார்களாம்.

ஊரில் அன்றைக்கெல்லாம் பஞ்சாயத்துதான். வழக்கத்தை மீறினானா இல்லையா என்று ஆலமரத்தடியில் ஒரு கூட்டம், என் கடையில் ஒரு கூட்டம். கேட்டான், காட்டலை, கேட்காமல் சுட்டிருந்தால்தானே தப்பு என்று சாமிக்கண்ணு சொன்னான். காட்டவில்லை என்றால் குட்டி இல்லை என்று அர்த்தமா என்று நான் கேட்டேன். பொம்பளைக்கு வேட்டை என்ன தெரியும் என்றார்கள். எனக்கு வேட்டை தெரியாது, முதுகு தெரியும், நானும் இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு களை எடுத்தவள் என்றேன். கடைசியில், காட்டாவிட்டால் என்ன செய்வது என்று வழக்கத்தில் ஒரு பேச்சே இல்லை, அதனால் தப்பும் இல்லை என்று முடிவு செய்துவிட்டுக் கறியைப் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை பூங்காவனம் புருசனுக்கு முதுகு தேய்த்துவிடப் போனாள். தேய்த்த கை நின்றுவிட்டது. பிடரியிலிருந்து இடுப்பு வரை கறுகறுவென்று முடி, ஒரு சாண் நீளம், முரட்டு முடி. அவள் கூப்பிட்டு நான் போய்ப் பார்த்தேன். பார்த்தால் என்ன செய்வது, சீப்பு இருந்தால் எடு என்றேன். நாவிதரைக் கூட்டிவந்தோம். அவர் பாவம், கத்தியைத் தீட்டித் தீட்டிச் சிரைத்தார். இடுப்புக்கு வந்து சேர்வதற்குள் பிடரியில் மறுபடியும் ஒரு சாண் வளர்ந்து நின்றது. தலை என்றால் நான் பார்க்கிறேன், இந்த முதுகு எனக்கு வேண்டாம் என்று அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குட்டிகள் இரண்டும் மலையிலிருந்து இறங்கி வந்தன. ரேசன் கடையைத் தாண்டி, பையன்கள் வாலிபால் ஆடுகிற இடத்தின் நடுவாக, பந்து ஒரு நிமிசம் நின்றது, பிறகு அவர்கள் ஆடினார்கள், அப்படியே என் கடை முன்னால் நடந்து, ஒரு வீட்டிலும் நுழையாமல், ஒரு நாயையும் திரும்பிப் பார்க்காமல், நேராகத் தீர்த்தகிரி வாசலுக்குப் போயின. அவன் முறத்தில் சாமையைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒன்றன்பின் ஒன்றாக அவன் முதுகில் ஏறி, முடியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை அதில் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டன. அவன் அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "பூங்காவனம், கொஞ்சம் தண்ணி குடு" என்றான்.

ஊர் எதற்குத்தான் பழகாது. மூன்றாம் நாளே பழகிவிட்டது. தையல்காரர் அவனுக்கு முதுகில்லாத சட்டை தைத்துக் கொடுத்தார், பிறகு அதுவே நல்ல காற்றோட்டம் என்று இரண்டு பேர் கேட்டு வாங்கிப் போட்டார்கள். பஸ் கண்டக்டர் முதல் நாள் ஏற்றமாட்டேன் என்று தகராறு செய்தார், இரண்டாம் நாள் கடைசிப் படிக்கட்டுப் பக்கம் நிற்கச் சொன்னார், ஒரு மாசத்தில் குட்டிகளுக்கு வெயில் படாத பக்கமாக இடம் போட்டு வைத்தார். காட்டிலாகாக்காரர் ஜீப்பில் வந்து குட்டிகளைச் சரணாலயத்துக்குக் கொண்டுபோவேன் என்றார். பிடித்து இழுத்தால் குட்டி வரவில்லை, தீர்த்தகிரியின் தோல்தான் வந்தது. அவன் போட்ட சத்தத்தில் அவரே கையை எடுத்துவிட்டு, முதுகில் இருக்கிற வரைக்கும் இது மனுசன் விவகாரம் என்று சொல்லி, குட்டிகளுக்கு என்று தேன் கொஞ்சம் விட்டுப் போனார். நர்சம்மா அரிப்புக்கு மருந்து கொடுத்தாள். பெண்கள் குட்டிகள் தின்னப் புற்றுமண்ணோடு கறையான் கொண்டுவந்து வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். கரடிக்காரர் வீடு எது என்று கேட்டால் எங்கள் சனங்கள் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். வழி காட்டுகிறவர்களில் சாமிக்கண்ணுதான் முதல் ஆள்.

பழகாதது மாங்கனி ஒருத்திதான். முதல் நாள் காலை எப்போதும்போல அப்பன் பின்னால் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கி, "அப்பா, குனி" என்றாள். அவன் பழக்கத்தில் குனிந்தும்விட்டான். குட்டிகள் உறுமின. அவன் திரும்பி அவளை நெஞ்சோடு தூக்கினான், உதறிக்கொண்டு இறங்கினாள். தோளில் வைத்தான், குட்டி அவள் காலைப் பிறாண்டியது. அவள் மறுபடியும் பின்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இப்படிப் பல நாள் காலையில் நின்றாள். அப்புறம் ஒரு நாள் காலையில் கையைத் தூக்காமல் நின்றாள். அப்புறம் பின்னால் வந்து நிற்பதையும் விட்டுவிட்டாள். ஓடைக்கு அப்பன் முன்னால் போவான், அவள் பத்தடி தள்ளி நடந்து போவாள். காலில் முள் குத்தினாலும் உட்கார்ந்து தானே எடுத்துக்கொள்வாள். என் கடைக்கு வந்து பொரையைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரிம்மா, அதுங்க எப்ப இறங்கும்?" என்று கேட்பாள். வளர்ந்ததும் இறங்கிடும் கண்ணு என்பேன். "நான் வளர்றதுக்குள்ளயா?" என்று ஒரு நாள் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பொரை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனி மாசத்தில் ஒரு நாள் வெளியூர் நாய்கள் நாலைந்து மேலே ஏறி வந்துவிட்டன. தீர்த்தகிரி அப்போது என் கடையில் நின்றிருந்தான். நாய்கள் குட்டிகளின் வாசத்துக்குக் குரைத்துக்கொண்டு பாய்ந்தன. கல்லெடுத்து வீசுவான், கத்துவான் என்று பார்த்தால், அவன் ஒன்றும் செய்யவில்லை. பின்னால் பின்னால் போய், கடைச் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டான். ஒரு நாய் அவன் கையைக் கவ்வியது. அப்போதும் அவன் முதுகு சுவரை விட்டு ஒரு விரற்கடை நகரவில்லை. நான்தான் கொதிக்கிற தண்ணீரை எடுத்து ஊற்றி நாய்களைத் துரத்தினேன். திரும்பினால் அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஒரு சத்தமும் இல்லாமல், மூக்கு ஒழுக ஒழுக.

"அக்கா," என்றான். "அவ காட்டமாட்டேன்னு சொல்லலக்கா. மறைச்சா."

அவன் கையில் ரத்தம் வந்த இடத்தை மஞ்சள் வைத்துக் கட்டினேன். குட்டிகள் அவன் முதுகிலிருந்து எட்டி என்னைப் பார்த்தன. அதுகளைச் சொல்லி என்ன குற்றம்.

மழைக்காலம் போனது. குட்டிகள் வளர்ந்தன, இவன் வளைந்தான். தை மாசம் அவனைப் பார்த்தால் அறுபது வயசுக்காரன் மாதிரி இருந்தான். குப்புறத்தான் தூங்குவான், அந்தத் தூக்கத்திலும் குட்டிகள் மேலேதான். பூங்காவனம் ஒரு நாள் என்னிடம் வந்து, கல்யாணம் ஆன நாளாக அவர் முகத்தைப் பார்த்துத் தூங்கினேன், இப்போது அவர் என் பக்கம் திரும்பித் தூங்குவது இல்லை, பாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார் என்று சொல்லி அழுதாள். பெரிய குட்டி அப்போதே அவ்வப்போது இறங்கி அவன் கூடவே நடக்க ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் பொறு, பங்குனி வரட்டும், பூ வாசம் வந்தால் தானாகக் காட்டுக்குப் போய்விடும் என்று நான் தேற்றினேன். மாங்கனியும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். அன்றையிலிருந்து பங்குனி எப்போது பெரிம்மா என்று கேட்கத் தொடங்கினாள்.

பங்குனி பிறந்ததும் ஊர் கூடி வேட்டைக்கு நாள் குறித்தது. தீர்த்தகிரி, குட்டிகளோடுதான், அந்தக் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றான். அவன் ஊர் நடுவில் நின்று பேசியதை நாங்கள் பார்த்ததே இல்லை. பங்குனியில் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஐப்பசியில் போங்கள், கார்த்திகையில் போங்கள், முதுகில் பிள்ளை இருக்கிற மாசத்தில் மட்டும் வேண்டாம், கைதட்டிக் கேட்பதெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற சமாதானம், எந்தத் தாய் துப்பாக்கிக்கு முன்னால் பிள்ளையைத் திருப்பிக் காட்டுவாள் என்றான். அவன் சொன்னது எல்லாருக்கும் உறைத்தது, அதை நான் முகங்களில் பார்த்தேன். உறைத்ததைத் தட்டிவிட ஒருத்தன் வேண்டும், அதற்குச் சாமிக்கண்ணு இருந்தான்.

"அதுக்கு ஏன் மாப்ளே இவ்ளோ வருத்தப்படற?" என்றான். "குட்டி இருந்தா என்ன? தூக்கத்தான் உன் முதுகு இருக்கே."

கெட்ட எண்ணத்தில் சொன்னான் என்றுகூடச் சொல்ல முடியாது. பாராட்டுகிற மாதிரிதான் சொன்னான். கூட்டம் சிரித்தது, சிரித்ததோடு சுமை இறங்கிய மாதிரி எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஒரு வருசமாக அந்தக் குட்டிகள் ஊருக்குள் செத்தா போய்விட்டன, கொழுகொழு என்று இருக்கின்றன, பஸ்ஸில்கூட இடம் கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன பாவம் என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். பாவிகளா, அவன் வளைந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா, மாங்கனி பத்தடி தள்ளி நடக்கிறது தெரியவில்லையா என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். டீ ஆறுது பச்சையம்மா என்றார்கள். நாள் குறித்தது குறித்ததுதான்.

குட்டிகள் இறங்கின. முதல் இலுப்பைப் பூ விழுந்த வாரம், பெரியது ஒரு நாள் காலையில் இறங்கிப் போய்த் திரும்பவில்லை. சின்னது இரண்டு நாள் அவன் வாசலில் படுத்திருந்துவிட்டு, அவன் தலையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, மலை ஏறிப் போனது. அவன் வேலிப் படல் வரை போய் நின்று பார்த்தான். சந்தோசப்படுவதா துக்கப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். அன்றையிலிருந்து அவன் முதுகு முடி உதிர்ந்தது. பூங்காவனம் காலையும் மாலையும் வாசலைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு போய் வேலியில் போட்டாள். குருவிகள் வந்து கூட்டுக்கு எடுத்துக்கொண்டு போயின. மாங்கனி தினமும் அப்பன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்தான்" என்பாள்.

முடி முழுக்க உதிர்ந்த அன்று காலையில், அவள் பின்னால் வந்து நின்றாள். ஐந்து வயசு ஆகியிருந்தது, கால் நீண்டிருந்தது. "அப்பா, குனி" என்றாள், ஆனால் கேட்கலாமா கூடாதா என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். அவனுக்குக் குனிவதற்கு ஒன்றும் இல்லை, ஒரு வருசமாகக் குனிந்துதான் இருந்தான். ஏறிக்கொண்டாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தை அவன் பிடரியில் வைத்துக்கொண்டாள். ஓடைக்கு அந்த வழியில் அவர்கள் வந்தார்கள். அடுப்பு பற்றவைக்கப் போன நான் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இதைவிட வேறு எதுவும் எனக்கு இந்த ஊரில் பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

எதிரே வேட்டைக்குப் போனவர்கள் இறங்கி வந்தார்கள். மூங்கிலில் கட்டிய கரடி முன்னால் தொங்கியது. சுட்டவன் சாமிக்கண்ணு, இந்தத் தடவை கையும் தட்டவில்லை, கேட்கவும் இல்லை. அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு குட்டி. ஒன்றே ஒன்று, பூனை அளவுதான் இருந்தது. மூங்கிலை இறக்கி வைத்ததும் அது வந்து அம்மாவை முகர்ந்தது. பிறகு சாமிக்கண்ணுவைச் சுற்றி வந்து, சட்டை போடாத அவன் முதுகை நிமிர்ந்து பார்த்தது. வழவழவென்று வியர்வையோடு இருந்த அந்த முதுகில் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கத்திக்கொண்டே தீர்த்தகிரியிடம் வந்து, அவன் காலடியில் நின்று, இரண்டு முன்னங்காலையும் தூக்கியது.

தீர்த்தகிரி நகரவில்லை. பிடிவாதமாக நின்றான், மகளின் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குட்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் போய்விடமாட்டானா என்று நான் வேண்டினேன். வேண்டினேன் என்றுதான் சொல்கிறேன், அந்தக் குட்டி கத்துகிறது காதில் விழுந்துகொண்டே வேண்டினேன்.

"அப்பா, குத்துது," என்றாள் மாங்கனி.

அவள் நெஞ்சுக்கும் அவன் முதுகுக்கும் நடுவே முடி முளைத்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். கீழே குட்டியைப் பார்த்தாள். அது கையைத் தூக்கிக்கொண்டு நின்ற விதம் இந்த ஊரில் வேறு யாரையும்விட அவளுக்குத் தெரியும். கழுத்திலிருந்த கையை எடுத்தாள். அப்பன் பிடி விடவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரித்தாள்.

"விடுப்பா. அதுக்கு அம்மா இல்ல. எனக்கு நடக்கத் தெரியும்."

இறங்கினாள். குட்டி ஏறியது. அவன் ஓடைப் பக்கம் நடந்தான், அவள் பின்னால் பத்தடி தள்ளி நடந்தாள். அவர்கள் போகப் போகத் தெருவில் நின்ற ஆம்பளைகள் ஒவ்வொருத்தராகப் பின்வாங்கி, தன் முதுகிலும் முளைத்திருக்குமோ என்று பயந்தவர்கள் மாதிரி அவரவர் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள், சாமிக்கண்ணு என் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். நான் நடுத்தெருவுக்குப் போனேன். என் பலம் கொண்ட மட்டும் கைதட்டினேன்.

"முதுகைக் காட்டுங்கடா" என்றேன்.

ஒருத்தனும் திரும்பவில்லை.